பெத்லகேமின் முத்துச்சிப்பிக் கலை

முத்தைப் பற்றித் தமிழ் நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொற்கையும் மன்னார்க் குடாவும் நம் செவிக்குப் பழகிய பெயர்கள். ஆயின், முத்தை ஈன்ற சிப்பியை நாம் பெரிதாகப் போற்றியதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பி சிறியது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்வது அரிது. அதன் ஓடும் மெல்லியது. செங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடல்களிலும் வாழும் சிப்பிகளோ உள்ளங்கையை மறைக்கும் அளவுடையவை; அவற்றுள் சில, உணவுத் தட்டின் அகலத்தை எட்டுபவை. ஓட்டின் கனமும் அதற்கேற்ப மிகுதி. அக்கடல்களில் முத்துக் கிடைப்பது தற்செயல். ஓடுதான் பண்டம். ஐரோப்பியர் அதனை 'முத்தின் தாய்' என்பர். அராபியர் 'ஸதஃப்' என்பர். அச்சொல் பாரசீகத்திலும், நம் நாட்டு உருதுவிலும் வழங்குகிறது.

இந்த ஓட்டைச் செதுக்கி உருவாக்கும் தொழில் பாலஸ்தீனத்தில், குறிப்பாகப் பெத்லகேம் என்னும் சிற்றூரிலும் அதனை அடுத்த பேத் ஸாகூர், பேத் ஜாலா என்னும் ஊர்களிலும், நானூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நடந்து வருகிறது. அதன் வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

பெத்லகேம், ஜெருசலேமுக்குத் தெற்கே ஆறு மைல் தொலைவில் குன்றுகளின்மேல் அமைந்த ஊர். கடல் அதற்கு அண்மையில் இல்லை. மிக அருகில் உள்ள நீர்ப்பரப்பு சாக்கடல். அதன் உப்பு மிகுதியால் சிப்பி மட்டுமன்று, மீனும் அதில் வாழாது. மேற்கே உள்ள மத்தியதரைக் கடலோ இத்தகைய பெருஞ்சிப்பிக்குப் பெயர் பெற்றதன்று. ஆகவே இத்தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் தொடக்கம் முதலே அயற்கடலிலிருந்து வந்தது. செய்த பொருளை வாங்கியவர்களும் அயலார். பல நாடுகளிலிருந்து திருத்தலப் பயணமாக வந்து, ஊர் திரும்பும்போது ஏதேனும் ஒன்றைக் கையோடு கொண்டுபோக விரும்பியவர்கள். சிப்பியும் பிறர் நாட்டது, வாங்குவோரும் பிறர் நாட்டார் என்றால், பெத்லகேமுக்கு உரியது யாது? இடையில் நின்று வேலை செய்த கை ஒன்றே. இத்தொழில் பெற்ற வாழ்வுக்கும் பட்ட இடருக்கும் இந்நிலைமையே மூலம் என்பது நம் கருத்து.

தொழில் எவ்வாறு தோன்றிற்று என்று கேட்டால், பெத்லகேமில் வழிவழியாக ஒரு விடை சொல்லப்படும். பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் ஐரோப்பாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து ஊர்க் கிறிஸ்தவர்களுக்குக் கற்பித்தனர் என்பது அவ்விடை. இத்தாலியின் ஜெனோவா நகரிலிருந்து வந்தவர்கள் என்று சிலர் கூறுவர். டமாஸ்கஸிலிருந்து வந்தவர்கள் என்று கூறுவாரும் உளர். பிரான்சிஸ்கன் துறவியர் 1347-ஆம் ஆண்டளவில் பெத்லகேமில் மடம் அமைத்து நிலைத்தனர் என்பதும், திருத்தலங்களின் காவற்பொறுப்பை 1342-இல் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட் அவர்களுக்கு அளித்தார் என்பதும் வரலாறு. வறியவராய் வாழ்ந்த உள்ளூர்க் கத்தோலிக்கர்க்கு ஒரு பிழைப்பு வேண்டும். வரும் பயணிகளுக்கு ஒரு நினைவுப்பொருள் வேண்டும். இவ்விரு தேவையையும் அத்துறவியர் ஒருசேரக் கண்டனர். வடிவங்களை அவர்கள் தந்திருத்தலும் கூடும். விற்பனைக்கு வழி வகுத்தவர்கள் அவர்களே என்பதில் ஐயமில்லை.

எனினும், சிப்பியின் ஒளியை அந்நாட்டார்க்கு முதன்முதல் அறிவித்தவர்கள் துறவியர் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. கி. பி. 691-92 அளவில் ஜெருசலேமில் எழுந்த பாறைக்குவிமாடத்தின் பல்வண்ணப் பதிப்போவியங்களில், பொன்னும் பச்சையுமான கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே சிப்பித் துண்டுகளும் பதிக்கப்பெற்றுள்ளன. பெத்லகேமிலேயே, திருப்பிறப்புக் கோயிலின் சுவர்களில் 1169-ஆம் ஆண்டளவில் முடிவுற்ற பதிப்போவியங்களில் சிப்பி உண்டு. 2013 முதல் பல ஆண்டுகள் நடந்த திருப்பணியின்போது புகைக்கரி நீக்கப்பெற்ற அவ்வோவியங்கள் மீண்டும் ஒளி பெற்றன. மரத்தில் சிப்பியை இழைக்கும் வேலை டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் நெடுங்காலமாக நிகழ்ந்தது. மண்ணில் ஈரம் இருந்தது. துறவியர் விதையைக் கொணர்ந்தனர் என்று கொள்வதே நேர்மையாகும்.

பெத்லகேமில் 'தராஜ்மே' என்று ஒரு தெருப்பகுதி உண்டு. அதன் பொருள், மொழிபெயர்ப்பாளர் தெரு என்பது. துறவியர்க்கும் பயணிகளுக்கும் இத்தாலிய மொழியிலும் பிற மொழிகளிலும் பேசி வழிகாட்டிய உள்ளூர் அரபுக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனிகளின் காலத்தில் துபாஷிகள் எவ்வாறு இருந்தனரோ, ஏறக்குறைய அவ்வாறே இவர்களும். பிறமொழி அறிந்தவன் பிறர் விருப்பத்தையும் அறிவான் அல்லவா? வந்தவர் எதை விரும்புவர், எதற்கு என்ன விலை தருவர் என்று அறிந்த அக்குடும்பங்களிலிருந்தே செதுக்குவோரும் விற்போரும் பலர் தோன்றினர். ஆதலின், இத்தொழில் பிறந்த நாள் முதலே பட்டறையும் கடையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

இனி, இக்கலையின் மிகச் சிறந்த படைப்புகள் என்று நாம் கருதுவனவற்றைச் சொல்வோம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெத்லகேம்க் கைவினைஞர்கள் ஜெருசலேமின் திருக்கல்லறைக் கோயிலையும் தம் ஊர்த் திருப்பிறப்புக் கோயிலையும் சிறு மாதிரி உருக்களாகச் செய்தனர். ஒலிவ மரம் முதலியவற்றால் உடல். அதன்மேல் சிப்பியும் எலும்பும் தந்தமும் இழைத்த அணிவேலை. கோபுரமும் குவிமாடமும் தூணும் வாயிலும் அளவு பிசகாமல் அமைந்திருக்கும். அவற்றின் சிறப்பு வெளித்தோற்றத்தில் மட்டும் இல்லை. கூரையைத் தூக்கி எடுக்கலாம், குவிமாடத்தைக் கழற்றலாம், உள்ளே பீடங்களும் படிகளும் சிறு கோயில்களும் தத்தம் இடத்தில் நிற்பதைக் காணலாம். ஜெருசலேமுக்குச் சென்றறியாத ஒருவர் தம் இல்லத்தில் அமர்ந்தவாறே அக்கோயிலினுள் விரலால் நடந்து வரலாம். இவை எளியோர் வாங்கும் பொருள்கள் அல்ல. ஐரோப்பிய மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் துறவியர் அளித்த காணிக்கைகளாகவும், செல்வர் வாங்கிய அரும்பொருள்களாகவும் கடல் கடந்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இத்தகைய உருக்கள் இன்றும் உள்ளன.

இவ்வளவு துல்லியமான அளவு எங்கிருந்து வந்தது? பெர்னர்தீனோ அமீக்கோ என்னும் இத்தாலியத் துறவி 1593 முதல் 1597 வரை திருநாட்டில் இருந்தார். கோயில்களை அளந்து, தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும் வரைந்தார். அவர் நூலின் இரண்டாம் பதிப்பு 1620-இல் புளோரன்ஸ் நகரில், ஜாக் கல்லோ என்னும் புகழ்பெற்ற செதுக்கோவியரின் தகடுகளோடு வெளிவந்தது. அவருடைய அளவுப்படங்களே மாதிரி உருக்களுக்கு வழிகாட்டின என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. காகிதத்தில் கிடந்த கோட்டைக் கண்டு, அதனை மரத்தில் நிறுத்திச் சிப்பியால் போர்த்தவர்களின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை. படம் வரைந்தவர் பெயர் உண்டு; தகடு செதுக்கியவர் பெயர் உண்டு; பரிசளித்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஏடுகளில் உண்டு. செய்தவன் பெயர் மட்டும் இல்லை. நம் நாட்டுச் சிற்பிகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே ஆதலின், நமக்கு இது வியப்பன்று, வருத்தம் உண்டு.

அப்பெயரறியாத கைகள் செய்த உதவி பின்னர்த்தான் விளங்கிற்று. 1808-ஆம் ஆண்டில் திருக்கல்லறைக் கோயிலில் பெருந்தீ மூண்டது. வட்ட மண்டபத்தின் குவிமாடம் இடிந்து வீழ்ந்தது. 1555-இல் புதுக்கப்பெற்ற கல்லறைச் சிறுகோயிலும் சேதமுற்றது. அடுத்த ஈராண்டுகளில் புதுவடிவில் அவற்றைக் கட்டினர். இன்று நாம் காணும் கல்லறைச் சிறுகோயில் அந்தப் புதிய கட்டடமே. பழையது எவ்வாறு இருந்தது என்பதை அறிய அமீக்கோவின் படங்களும் பயணிகளின் குறிப்புகளும் உதவுவது போலவே, ஐரோப்பிய அலமாரிகளில் இருந்த இந்தச் சிப்பி உருக்களும் உதவுகின்றன. விற்பனைக்கென்று செய்த பொருள், மூலம் அழிந்த பின் சான்றாகி நிற்கிறது.

பட்டறையினுள் சற்றே புகுவோம். சிப்பியின் வெளிப்புறம் கரடுமுரடானது. பாசியும் புழுத் துளையும் படிந்தது. முதலில் அம்மேலோட்டைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து நீக்குவர். பின்பு ஓட்டை ஒளியில் பிடித்துப் பார்ப்பர். எங்கே கனம், எங்கே வளைவு, எங்கே நிறம் திரிகிறது என்று காண்பதில்தான் பாதி வேலை அடங்கியுள்ளது. இரு ஓடுகள் பொருந்தும் கீல்ப்பகுதி மிகத் தடித்தது. திரண்ட உருவங்களுக்கும் மணிகளுக்கும் அது ஆகும். நடுப்பகுதி அகன்று சற்றே குழிந்திருக்கும். அதில் திருப்பிறப்புக் காட்சி போன்ற புடைப்புச் சித்திரங்களைச் செதுக்குவர். ஓரம் மெல்லியது, அதை நறுக்கி மரத்தில் இழைப்பர். எஞ்சும் சிறு துணுக்குகளும் வீண் போவதில்லை. நட்சத்திரமாகவும் இலையாகவும் பெட்டிகளின் மேல் இடம் பெறும்.

வேலைக்கருவிகள் மிகச் சில: நுண்ணிய வாள், பலவகை அரங்கள், எழுத்தாணி போன்ற சிற்றுளி, துரப்பணம், பற்றுக்குறடு. இழைநயம் என்று சொல்லத்தக்க சல்லடை வேலைக்கு முதலில் துரப்பணத்தால் துளையிட்டு, அதன் வழியே வாளின் இழையை நுழைத்து, வேண்டாத இடத்தை அறுத்து எடுப்பர். சரிகை போல் தோன்றும் அவ்வேலையில் ஒரு நொடிக் கவனம் பிசகினால் பல நாள் உழைப்பு இரண்டாகப் பிளக்கும். ஏனெனில் சிப்பி கல்லும் அன்று, மரமும் அன்று. சுண்ணாம்புச் சத்தின் ஒருவகைப் படிகமாகிய அரகோனைட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகடுகளாக அடுக்கடுக்காய் அமைந்து, இடையிடையே பசை போன்ற உயிர்ப்பொருளால் பிணைக்கப்பெற்றிருக்கிறது. தகட்டின் கனம் ஒளியலையின் நீளத்தை ஒட்டி இருப்பதனால்தான் வெண்மையில் இளஞ்சிவப்பும் பசுமையும் மாறி மாறித் தோன்றுகின்றன. செதுக்குவோன் அடுக்கின் போக்கை அறியாமல் உளியை ஓட்டினால், நிறமும் கெடும், உருவும் உதிரும். இவ்வறிவியலை அவன் ஏட்டில் கற்றதில்லை. தந்தையின் அருகில் அமர்ந்து பல ஆண்டுகள் பழகி விரல் நுனியில் பெற்றான்.

சிப்பியைத் தேய்க்கும்போது எழும் வெண்தூள் மூச்சுப்பைக்குத் தீங்கு செய்யும். நீரைச் சொட்டவிட்டு வேலை செய்வதும், முகத்தை மூடிக்கொள்வதும் உண்டு. ஆயினும் அழகிய ஜெபமாலையைக் கையில் ஏந்துவோர், அதற்காக ஒருவர் உட்கொண்ட தூளை எண்ணிப் பார்ப்பது அரிது.

செய்த பொருள்கள் பலவகைப்படும். ஜெபமாலைகள், பாடுபட்ட சுரூபங்கள், அருளிக்கப் பேழைகள், சிலுவைப்பாதையின் 14 தலங்களும் சிறு தகடுகளாக அமைந்த பீடச் சிலுவைகள், முழுச் சிப்பியிலே செதுக்கிய திருக்குடும்பக் காட்சிகள். பிறப்புக் குகையில் பதித்துள்ள பதினான்கு முனை வெள்ளி விண்மீன் அடிக்கடி தோன்றும் சின்னங்களுள் ஒன்று. அவ்விண்மீனுக்கும் ஒரு கதை உண்டு. 1847-இல் அது களவு போயிற்று. எந்தத் திருச்சபை அதை மீண்டும் பதிப்பது என்ற வழக்கு வல்லரசுகளின் பகைமையோடு கலந்து, கிரிமியப் போருக்கு வழிவிட்ட பூசல்களுள் ஒன்றாயிற்று. ஒரு வெள்ளித் தகட்டுக்காக அரசுகள் முறைத்து நின்ற அதே ஊரில், அதன் சிப்பிப் படியைச் சில காசுக்கு விற்று மக்கள் உயிர் வாழ்ந்தனர்.

கிறிஸ்தவச் சின்னங்களோடு இத்தொழில் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாறைக்குவிமாடத்தின் உருவைச் சிப்பியில் செய்தனர்; திருக்குர்ஆன் வாசகங்களை அரபு எழுத்தழகோடு செதுக்கினர்; நகைப்பெட்டிகள், புத்தக உறைகள், மார்பூசிகள் ஆகியன எச்சமயத்தார்க்கும் உரியன. டமாஸ்கஸ் வேலைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே வாதுமை இனத்து மரத்தில் கோணங்களும் வட்டங்களுமாகக் கணக்கு வடிவம் அமையும். பெத்லகேமில் உருவமும் காட்சியும் முதன்மை பெறும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தொழிலின் பரப்பு எத்தகையது என்பதற்கு அயலாரின் குறிப்புகளே சான்று. 1738-இல் அங்குச் சென்ற ஆங்கிலேயப் பாதிரியார் ரிச்சர்டு போகாக், பெத்லகேம்க் கிறிஸ்தவர்கள் சிலுவைகளும் சிப்பி இழைத்த கோயில் உருக்களும் செய்து பிழைப்பதைக் குறித்துள்ளார். 1783 முதல் 1785 வரை அப்பக்கங்களில் திரிந்த பிரெஞ்சு அறிஞர் வோல்னே, ஜெருசலேமிலும் சுற்றுப்புறத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும், ஆண் பெண் குழந்தைகள் எல்லாரும், இத்தகைய பக்திப் பொருள்கள் செய்வதில் ஈடுபட்டிருந்ததை எழுதுகிறார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 பெட்டிகள் துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின என்பது அவர் கூற்று. வோல்னே சமயப் பற்று மிக்கவர் அல்லர். அவர் எழுத்தில் ஏளனம் தொனிக்கும். ஏளனம் செய்வோர் தரும் கணக்குக்கு ஒரு நன்மை உண்டு. அது புகழ்ச்சியால் பெருகியிராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை விரைந்து மாறிற்று. நீராவிக் கப்பல்கள் வந்தன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது; செங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே கப்பல் வழி கிட்டியது. 1892-இல் யாப்பாத் துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்கு இருப்புப்பாதை அமைந்தது. ருஷ்யாவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உழவர்கள் கம்பளியாடையும் கையில் கோலுமாய்த் திருத்தலம் காண வந்தனர். அவர்கள் மாதிரி உருக்களை வாங்க இயலாது. ஒரு சிறு சிலுவையோ, ஒரு மாலையோ போதும். அரிய பொருள் சில செய்த பட்டறைகள், எளிய பொருள் பல செய்யத் தொடங்கின. இதனால் கலை தாழ்ந்தது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மன்னர் ஒருவர்க்குச் செய்த கோயில் உருவைக் காட்டிலும், ஓர் ஏழை மூதாட்டி தன் ஊருக்குக் கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொண்ட சிலுவை எவ்வகையில் குறைந்தது?

சிப்பியின் விலையோ பெத்லகேமின் கையில் இல்லை. அதே சிப்பிக்காக வியன்னாவிலும் பர்மிங்காமிலும் பொத்தான் தொழிலாளர் காத்திருந்தனர். சட்டைப் பொத்தானுக்குப் போகும் சரக்கின் மிகுதியும் குறைவுமே அதன் விலையை முடிவு செய்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிளாஸ்டிக் பொத்தான் வந்து சிப்பி குளிக்கும் தொழிலையே பல கடற்கரைகளில் முடக்கிற்று என்பது பிற்காலக் கதை.

வாங்குவோர் வரும்வரை காத்திராமல், வாங்குவோர் இருக்கும் இடத்துக்கே செல்லும் துணிவு இக்காலத்தில் பிறந்தது. 1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த பொருட்காட்சியில் திருநாட்டு வணிகர் கடை விரித்தனர். 1893-இல் சிக்காகோவிலும், 1904-இல் செயின்ட் லூயிஸிலும் பெத்லகேமின் சிப்பியும் ஒலிவ மரப் பொருள்களும் விற்பனையாயின. சிக்காகோவில் அவ்வாண்டு விவேகானந்தர் பேசியதை நாம் நன்கறிவோம். அதே பொருட்காட்சியின் மற்றொரு புறத்தில் பெத்லகேமின் வணிகர்கள் சிப்பி மாலைகளைப் பரப்பி இருந்தனர் என்பதைப் பலர் அறியார். 1860-இல் பிறந்த ஜுப்ரயீல் தப்தூப் என்பவர் இவ்வணிகர் பரம்பரைக்கு எடுத்துக்காட்டு. 1880-களில் அவர் பிலிப்பைன்ஸ் தீவின் மணிலா வரை சென்று வாணிகம் செய்தார். கத்தோலிக்கர் மிகுந்த நாடுகள் எவையோ அவை எல்லாம் பெத்லகேம் வணிகரின் சந்தைகள்.

முதலில் பெட்டியோடு போய்ப் பணத்தோடு மீண்டனர். ஊரில் வெண்கல் மாளிகைகள் எழுந்தன. பின்பு சிலர் மீளவில்லை. சிலியிலும் ஹொண்டுராஸிலும் எல் சால்வடோரிலும் கடை வைத்து, சிப்பியை விட்டுத் துணிக்கும் பிற சரக்குக்கும் மாறினர். சிலி நாட்டில் 1920-இல் நிறுவப்பெற்ற 'பலஸ்தீனோ' என்னும் கால்பந்துக் கழகம் இன்றும் ஆடுகிறது. அந்நாட்டுப் பாலஸ்தீனர்களுள் பெருந்தொகையினர் பெத்லகேம், பேத் ஜாலா, பேத் ஸாகூர் ஆகிய ஊர்களின் வழிவந்தோர். இதில் ஒரு முரண் உண்டு. கலையை உலகெங்கும் கொண்டுபோன அதே வழி, அக்கலையைக் கற்றிருக்க வேண்டிய பிள்ளைகளையும் கொண்டுபோயிற்று.

1914-இல் மூண்ட முதல் உலகப்போர் அவ்வழியை ஒருமுறை அடைத்தது. நேசநாட்டுக் கப்பல்கள் கரையை முற்றுகையிட்டமையால் சிப்பி வரவில்லை, பயணிகள் வரவில்லை. 1915-இல் வெட்டுக்கிளிப் படை வயலை அழித்தது. துருக்கிய அரசின் படைச்சேர்ப்புக்கு அஞ்சி இளைஞர் பலர் நாடு நீங்கினர். போர் முடிந்தபின் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1925-இல் அவ்வாட்சி பாலஸ்தீனக் குடியுரிமைச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. போருக்கு முன்னரே அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்று தங்கியிருந்தோர் தம் பிறந்த நாட்டின் குடியுரிமையைக் கோரியபோது, அவர்களுள் மிகப் பலருக்கு அது மறுக்கப்பட்டது. ஓர் ஊரின் வணிகமே அதன் மக்களை வெளியே அனுப்பிற்று. சட்டம் அவர்கள் திரும்பும் கதவைச் சாத்திற்று. இதனைச் சிறு செய்தியாக ஒதுக்கிவிடல் ஆகாது.

ஆங்கிலேயர் காலத்தில் பட்டறைகள் ஓரளவு தலையெடுத்தன. படைவீரரும் அதிகாரிகளும் மார்பூசியும் பொத்தானும் வாங்கினர். 1948-இல் போரும் பிரிவினையும் நேர்ந்து, ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர் தம் ஊர்களை இழந்து வெளியேற்றப்பட்டனர். பெத்லகேம் ஜோர்டான் ஆட்சியின்கீழ் வந்தது; யாப்பாத் துறைமுகம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. ஊரைச் சுற்றித் தெஹைஷா, அய்தா முதலிய அகதி முகாம்கள் எழுந்தன. 1967-இல் இஸ்ரேல் அப்பகுதியைக் கைப்பற்றியது. பயணிகளின் தொகை பெருகிய ஆண்டுகள் இடையிடையே வந்தன. ஆயின் பயணியை அழைத்துவரும் வண்டியும் வழிகாட்டியும் எந்தக் கடையில் நிற்பது என்பதைப் பட்டறைக்காரர் தீர்மானிக்க இயலவில்லை. 1995-இறுதியில் நகர நிர்வாகம் பாலஸ்தீன ஆணையத்திடம் வந்தது. ஐந்தாண்டுக்குள், 2000-இல், இரண்டாம் எழுச்சி தொடங்கிற்று. 2002 ஏப்ரலில் திருப்பிறப்புக் கோயிலே 39 நாள் முற்றுகைக்கு உள்ளானது. அதே ஆண்டில் எழத் தொடங்கிய பிரிப்புச் சுவர், ஆறு மைல் தொலைவிலுள்ள ஜெருசலேமைப் பெத்லகேமின் பெரும்பாலான மக்களுக்குச் சோதனைச் சாவடியும் அனுமதிச் சீட்டும் கடந்து செல்லும் ஊராக்கிற்று. 2020-இல் பெருந்தொற்று, 2023 அக்டோபரில் காஸாப் போர். அவ்வாண்டும் 2024-லும் பெத்லகேம் கிறிஸ்து பிறப்பு விழாவை விளக்கலங்காரம் இன்றியே கழித்தது. பயணி இல்லையேல் விற்பனை இல்லை. விற்பனை இல்லையேல் மகனைப் பட்டறையில் அமர்த்தத் தந்தைக்கு மனம் வருமா?

செதுக்குவோர் தொகை இவ்வாறு தலைமுறைதோறும் சுருங்கிற்று. ஒலிவ மரவேலை எஞ்சிய அளவுக்குச் சிப்பி வேலை எஞ்சவில்லை. ஒலிவம் அந்நாட்டு மண்ணில் விளைவது. கிளை கழிக்கும்போது கிடைப்பது. சிப்பியை விலை கொடுத்துத் தொலைவிலிருந்து தருவிக்க வேண்டும். இயந்திரம் மரத்தில் ஒரே நேரத்தில் பல உருக்களைக் கடைந்து தரும். சிப்பியின் வளைவோ ஒன்று போல் ஒன்று இராது. ஆதலின் சிறந்த சிப்பி வேலை இன்னும் கையையே நம்பி நிற்கிறது. நிற்பவர் சிலரே ஆயினும், அவர்கள் பட்டறைகளில் பழைய சல்லடை வேலையும் புடைப்புச் சித்திரமும் முற்றும் மறைந்துவிடவில்லை.

வேறு நாடுகளில் அச்சிட்டும் வார்த்தும் செய்த மலிவான பொருள்கள் பெத்லகேமின் கடைகளிலேயே அடுக்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. நேயர்களுள் எவரேனும் அவ்வூருக்குச் செல்ல நேரலாம். அன்றி, உறவினர் எவரேனும் கொணர்ந்த சிலுவையோ பெட்டியோ இல்லத்தில் இருக்கலாம். அதனை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பியானால் குளிரும், பிளாஸ்டிக் அவ்வாறு குளிராது. விளக்கருகே மெல்லச் சாய்த்தால், நிறம் மேற்பரப்பில் பூசியது போல் அசையாமல் நிற்கிறதா, உள்ளிருந்து எழுந்து நகர்கிறதா என்பது தெரியும். பின்பு திருப்பி, அடிப்புறத்தைக் காணுங்கள். ஓட்டின் இயல்பான வளைவும், அரம் ஓடிய நுண்கோடுகளும் அங்கே இருக்கும். அரிதாகச் சிலவற்றில் அரபு எழுத்திலோ இலத்தீன் எழுத்திலோ ஒரு பெயரும் இருக்கக்கூடும். இருப்பின், அதனைத் துடைத்துப் படித்துக் குறித்து வையுங்கள்.